கரண்ட் போய் வந்தால் பாதி ஸ்விட்ச் காணவில்லை: வைஃபையா, வயரிங்கா?

2 ஜூன் 2024, இரவு 9:50 | மாடிப்படி

14 ஸ்மார்ட் ஸ்விட்ச் மாட்யூல். எல்லாமே வைஃபை, எல்லாவற்றிலும் டாஸ்மோட்டா ஃபர்ம்வேர் (மாட்யூலை இயக்கும் மென்பொருள்). ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் ஹோம் அசிஸ்டென்ட் (வீட்டு ஆட்டோமேஷன் சர்வர்), அதற்கும் மாட்யூல்களுக்கும் நடுவே செய்தி கடத்தும் எம்க்யூடிடி புரோக்கரும் அதிலேயே. சுவரில் எல்லாம் ஜிஐ மெட்டல் பாக்ஸ்.

கரண்ட் போய் வந்தால் மூன்று நாலு மாட்யூல் திரும்பி வருவதில்லை. சமையலறை மாட்யூல் கரண்ட் போகாமலே காணாமல் போகும். போர்டிகோ விளக்கு நடுராத்திரியில் தானே எரிகிறது. மாடிப்படி விளக்கு மோட்டார் போட்டால் ஆன் ஆகும், சில நேரம் ஆஃப் ஆகும். ஹால் சீலிங்கில் 15 வாட் பேனல் 8 இருக்கு. ஆப்பில் ஆஃப், மேலே எரிந்துகொண்டிருக்கு.

வைஃபையே சரிப்படாது, மொத்தமாக ஜிக்பீக்கு (வைஃபை அல்லாத வேறு ரேடியோ முறை) மாறிவிடலாம் என்று இருக்கிறேன். எந்த மாட்யூல் வாங்கலாம்?

2 ஜூன், இரவு 10:25 | நியூட்ரல்

எதுவும் வாங்காதீங்க. நீங்க சொன்ன ஐந்தில் வைஃபைக்குச் சம்பந்தம் உள்ளது அதிகபட்சம் ஒன்றுதான் என்று படுகிறது. மீதியை அப்படியே வைத்துக்கொண்டு ஜிக்பீ போட்டால், அதே கோளாறு ஜிக்பீயில் வரும்.

முதலில் ஒவ்வொரு மாட்யூலிலும் மூன்று எண் எடுங்க. டாஸ்மோட்டா கன்சோலில் 'ஸ்டேட்டஸ் 1' கொடுத்தால் பூட்கவுண்ட் (எத்தனை முறை பூட் ஆனது), அப்டைம் (பூட் ஆகி எவ்வளவு நேரம்), கடைசியாக ஏன் ரீஸ்டார்ட் ஆனது என்ற காரணம் எல்லாம் வரும். 'ஸ்டேட்டஸ் 11' கொடுத்தால் வைஃபை சிக்னல், லிங்க்கவுண்ட் (வைஃபையில் எத்தனை முறை இணைந்தது), எம்க்யூடிடி கவுண்ட் (புரோக்கரில் எத்தனை முறை இணைந்தது).

படிக்கும் விதம்: பூட்கவுண்ட் ஏறினால் கரண்ட் பக்கக் கோளாறு. அதாவது மாட்யூலுக்கு சப்ளை விட்டுவிட்டு வருகிறது, இல்லை உள்ளே இருக்கிற பவர் சப்ளை செத்துக்கொண்டிருக்கிறது. பூட்கவுண்ட் அசையாமல் லிங்க்கவுண்ட் ஏறினால் வைஃபை. லிங்க்கவுண்டும் அசையாமல் எம்க்யூடிடி கவுண்ட் மட்டும் ஏறினால் புரோக்கர், இல்லை இரண்டு மாட்யூலுக்கு ஒரே கிளையன்ட் பெயர். ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் புரோக்கர் பழைய ஆளை வெளியே தள்ளும். அவன் திரும்ப வந்து இவனைத் தள்ளுவான். ஒரு மாட்யூலின் செட்டிங்கை இன்னொன்றுக்கு அப்படியே காப்பி அடித்தவர்கள் வீட்டில் இது நாள் முழுக்க நடக்கும்.

மாடிப்படி, போர்டிகோ இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஸ்விட்ச்சிலிருந்து மாட்யூலின் எஸ்1, எஸ்2 முனைக்கு வரும் ஒயர் நீளமாக இருக்கும், பக்கத்து ஒயரிலிருந்து தூண்டல் ஏறும். ஒயர் எத்தனை மீட்டர்?

3 ஜூன், காலை 7:10 | மாடிப்படி

எண்கள்: பெரும்பாலானவற்றில் பூட்கவுண்ட் 60ஐ ஒட்டி. சமையலறை மட்டும் 431, அப்டைம் 3 மணி நேரம். போர்டிகோ அப்டைம் 11 நாள், லிங்க்கவுண்ட் 12, எம்க்யூடிடி கவுண்ட் 12. கடைசியாகக் கரண்ட் போனது மே 22.

மாடிப்படி ஒயர் கிட்டத்தட்ட 12 மீட்டர், மோட்டார் ஒயர் போகிற பைப்பிலேயே. போர்டிகோவுக்கு அரை மீட்டர்கூட இல்லை, ஸ்விட்ச்சுக்குப் பின்னாலேயே மாட்யூல். ஹோம் அசிஸ்டென்ட் வரலாற்றில் பார்த்தேன், போர்டிகோ எரிவது தினமும் 2:03க்கு.

3 ஜூன், காலை 7:42 | நியூட்ரல்

நேற்று போர்டிகோ பற்றிச் சொன்னதை அழித்துவிடுங்க. தூண்டலுக்குக் கைக்கடிகாரம் கிடையாது. தினமும் அதே நிமிஷம் என்றால் ஏதோ ஒரு அட்டவணை ஓடுகிறது. 11 நாளில் லிங்க்கவுண்ட் 12 என்றால், பூட் ஆனபோது ஒன்று, பிறகு நாளுக்கு ஒன்று. ரூட்டரில் தானியங்கி ரீஸ்டார்ட் 2 மணிக்கு வைத்திருக்கீங்களா?

3 ஜூன், காலை 8:05 | மாடிப்படி

ஆமாம் அண்ணே, 2:00க்கு. ஆனால் ரூட்டர் ரீஸ்டார்ட் ஆனால் 14 மாட்யூலும்தானே துண்டாகும்? போர்டிகோ மட்டும் ஏன் எரியணும்?

3 ஜூன், காலை 8:30 | ஈயப்பற்று

பேய்க்கு போர்டிகோதான் பிடிக்கும்.

ரிட்டெய்ன் ஆன செய்தி. எப்போதோ எம்க்யூடிடி சோதனைச் செயலியிலிருந்து போர்டிகோவின் கட்டளை டாபிக்குக்கு (செய்தி போய்ச் சேரும் முகவரி) 'ஆன்' அனுப்பியிருப்பீங்க, ரிட்டெய்ன் டிக் போட்டபடி. அந்தக் கடைசி 'ஆன்' புரோக்கரிடம் பத்திரமாக இருக்கும். மாட்யூல் ஒவ்வொரு முறை இணைந்து அந்த டாபிக்கைச் சந்தா எடுக்கும்போதும் புரோக்கர் அதை எடுத்து நீட்டும். மாட்யூலுக்கு அது பழைய கட்டளை என்று தெரியாது.

சரிசெய்ய: அதே கட்டளை டாபிக்குக்கு, ரிட்டெய்ன் போட்டு, உள்ளே எதுவும் இல்லாத காலிச் செய்தியை ஒரு முறை அனுப்புங்க. புரோக்கர் பழையதை அழித்துவிடும். நிலையைச் சொல்லும் டாபிக்கில் ரிட்டெய்ன் இருக்கலாம், தப்பில்லை. கட்டளை டாபிக்கில் கூடவே கூடாது.

3 ஜூன், காலை 9:15 | நியூட்ரல்

சரியாகப் பிடித்தீர். ரூட்டரின் தினசரி ரீஸ்டார்ட்டையும் எடுத்துவிடலாம், அது வெறும் சடங்கு. ரூட்டர் தொங்குகிறது என்றால், இணைந்திருக்கும் சாதனங்கள் எத்தனை என்று முதலில் எண்ணுங்க.

இனி சமையலறை. பூட்கவுண்ட் 431, அப்டைம் 3 மணி என்றால் ஐயமே இல்லை, கரண்ட் பக்கம். அந்த போர்டில் மிக்ஸி பாயின்ட் இருக்கா? மிக்ஸி ஓடும்போது மாட்யூலின் ஃபேஸ், நியூட்ரல் இடையே மல்டிமீட்டரில் என்ன வோல்ட்டேஜ்? டெஸ்டர் வேண்டாம். டெஸ்டர் ஃபேஸ் இருக்கிறது என்று மட்டும் சொல்லும், நியூட்ரல் அறுந்ததைச் சொல்லவே சொல்லாது. உயிருள்ள போர்டில் அளந்து பழக்கம் இல்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்க.

3 ஜூன், இரவு 8:20 | மாடிப்படி

எலக்ட்ரீஷியன் வந்து அளந்தார். சும்மா இருக்கும்போது 229. 750 வாட் மிக்ஸி ஓடும்போது 220, எண் ஆடிக்கொண்டே இருக்கு. 220 போதாதா? மாட்யூலில் 100 முதல் 240 வரை என்று போட்டிருக்கே.

3 ஜூன், இரவு 8:55 | நியூட்ரல்

220 தாராளமாகப் போதும். பிரச்சினை அந்த ஆட்டம். மல்டிமீட்டர் காட்டுவது சராசரி. அதற்குள் நொடியில் சிறு துண்டு அளவுக்கு முழுசாக அறுந்து அறுந்து சேர்கிறது. அந்த அறுப்பில்தான் மாட்யூல் ரீபூட் ஆகிறது.

அதைவிட முக்கியம் ஒன்று. 750 வாட் என்றால் சுமார் 3.3 ஆம்பியர். 9 வோல்ட் இறக்கம், 3.3 ஆம்பியர்: பெருக்கினால் 30 வாட். நல்ல வயரிங்கில் 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் 20 மீட்டர் போய்த் திரும்பினாலும் 1 வோல்ட்தான் இறங்கும். மீதியெல்லாம் ஏதோ ஒரு ஸ்க்ரூவுக்குக் கீழே சூடாகப் போய்க்கொண்டிருக்கு. சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சுவருக்குள் வைத்து மூடிய மாதிரி. ஸ்மார்ட் ஸ்விட்ச்சை மறந்துட்டு நாளைக்கே அந்த போர்டைப் பிரிக்கச் சொல்லுங்க.

பிரிக்கும்போது: எம்சிபியை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. அதே போர்டில் இன்வெர்ட்டர் லைன் இருந்தால் அது உயிரோடுதான் இருக்கும். இன்வெர்ட்டரையும் ஆஃப் செய்து, எல்லா முனையையும் மீட்டரில் பார்த்த பிறகு கை வையுங்க.

4 ஜூன், மாலை 6:40 | மாடிப்படி

பிரித்தாச்சு. சாக்கெட் நியூட்ரல் முனையில் மூன்று ஒயர் திணித்திருந்தது. மாட்யூலுக்குப் போகிற ஒயர் அதில் ஒன்று, மாட்யூலிலிருந்து இன்னொரு ஒயர் அடுத்த பாயின்ட்டுக்கு. இன்சுலேஷன் பழுப்பாகிவிட்டது.

4 ஜூன், இரவு 7:15 | ஈயப்பற்று

மாட்யூலின் நியூட்ரல் முனையை வழிப்போக்கர் சத்திரம் ஆக்கக்கூடாது. அங்கிருந்து எதுவும் வேறு இடத்துக்குப் போகக்கூடாது. நியூட்ரல்களை ஒரு லீவர் கனெக்டரில் சேர்த்து, அதிலிருந்து மாட்யூலுக்குத் தனியாக ஒரே ஒரு 1 ஸ்கொயர் எம்எம் ஒயர். சாக்கெட்டுக்குப் பழையபடி தடித்த ஒயர் நேராக. பல இழை ஒயரை அப்படியே முறுக்கி ஸ்க்ரூவில் வைத்தால் பாதி இழைதான் பிடிக்கும். நுனியில் பின் லக் போட்டு கிரிம்ப் செய்யுங்க. ஈயம் பற்றவைத்து நுழைக்காதீங்க, அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் வழிந்து ஸ்க்ரூ தளரும். என் பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம்.

பழுப்பான ஒயரை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டுங்க. நீளம் போதவில்லை என்றால் ஒயரையே மாற்றுங்க.

5 ஜூன், காலை 6:50 | நியூட்ரல்

இப்போது 'கரண்ட் வந்தால் திரும்பி வராதவை'. கேள்வி: அந்த மாட்யூல்கள் முழுசாகப் பிணமா, இல்லை தன் பெயரில் ஒரு ஹாட்ஸ்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கா? கைபேசியில் வைஃபை பட்டியலைப் பார்த்தால் தெரியும்.

5 ஜூன், இரவு 9:30 | மாடிப்படி

எம்சிபியை இறக்கி ஏற்றிப் பார்த்தேன். ஸ்டோர் ரூம் முழுப் பிணம், ஹாட்ஸ்பாட்டும் இல்லை, ஸ்விட்ச்சுக்கும் அசையவில்லை. ஆனால் ஸ்விட்ச்சை மறுபக்கம் தட்டிவிட்டு மறுபடி எம்சிபி போட்டால் வருகிறது! பின்பக்க ரூம் டாஸ்மோட்டா என்ற பெயரில் புது ஹாட்ஸ்பாட், புதிதாக வாங்கியது மாதிரி. பூஜை ரூம் ஹாட்ஸ்பாட் காட்டி மறைந்து, சில நிமிஷத்தில் தானே வந்துவிட்டது.

5 ஜூன், இரவு 10:10 | ஈயப்பற்று

மூன்றும் மூன்று கதை.

ஸ்டோர் ரூம்: சுவர் ஸ்விட்ச்சின் ஒயரை மாட்யூலில் இருக்கும் சின்ன பட்டனின் காலில் பற்றவைத்திருக்காங்க. அது மாட்யூலின் மூளையான இஎஸ்பி8266 சிப்பின் ஜிபிஐஓ 0 என்ற கால். கரண்ட் வரும் நொடியில் அந்தக் கால் தரையோடு சேர்ந்திருந்தால் சிப் வழக்கமாக பூட் ஆகாது, புது ஃபர்ம்வேர் ஏற்றும் நிலைக்குப் போய்க் காத்திருக்கும். ஸ்விட்ச் 'போட்ட' பக்கம் இருந்தபோது கரண்ட் வந்தால் பிணம், மறுபக்கம் இருந்தால் உயிர். எந்த மாட்யூல் மாட்டிக்கொள்ளும் என்பது மாறுவதற்குக் காரணம் இதுதான்: கரண்ட் வரும்போது எந்த ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருந்தது என்ற அதிர்ஷ்டம். ஒயரை ஜிபிஐஓ 14க்கோ 4க்கோ மாற்றுங்க, போர்டில் எது வெளியே எடுக்க வசதியோ அது. 0, 2, 15 மூன்றும் பூட் கால்கள், கிட்டேயே போகக்கூடாது. பற்றவைக்க ஆள் இல்லை என்றால் அந்த இடத்தில் பெல் ஸ்விட்ச் போட்டுவிடலாம். அது அழுத்தும்போது மட்டும்தான் சேரும்.

பின்பக்க ரூம்: செட்டிங் மொத்தமும் அழிந்திருக்கு. டாஸ்மோட்டாவில் ஒரு மீட்பு வழி உண்டு. 10 நொடிக்கும் குறைவான இடைவெளியில் ஆறு முறை ஆன் ஆஃப் செய்து ஏழாவது முறை விட்டால் ஃபேக்டரி நிலைக்குப் போய்விடும். பட்டன் எட்டாத இடத்தில் மாட்டியவர்களுக்காக வைத்தது. நம் ஊரில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஃபியூஸ் போடும்போது கரண்ட் வந்து போய், வந்து போய், வந்து நிற்குமே, அதுவே அந்த ஏழு தட்டு. 'செட்ஆப்ஷன்65 1' கொடுத்தால் இந்த வசதி அணைந்துவிடும். 14லும் கொடுங்க. 1 என்றால் அணைப்பு, 0 என்றால் இயக்கம். பெரும்பாலோர் இதை மாற்றிப் போட்டுவிட்டு மறுபடி வந்து திட்டுவார்கள்.

பூஜை ரூம்: மாட்யூல் சில நொடியில் எழுந்துவிடும், ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் எழ இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். அதற்குள் பழைய 'வைஃபைகான்ஃபிக் 2' செட்டிங் உள்ள மாட்யூல், வைஃபை இல்லை என்று முடிவுகட்டித் தன் ஹாட்ஸ்பாட்டை மூன்று நிமிஷம் திறந்து வைத்து, பிறகு ரீஸ்டார்ட் ஆகும். 4 என்று மாற்றுங்க, தொடர்ந்து முயன்றுகொண்டே இருக்கும்.

6 ஜூன், காலை 7:00 | நியூட்ரல்

கூடவே: ஃபைபர் பெட்டி, ரூட்டர், ராஸ்பெரி பை மூன்றையும் பேட்டரி பேக்கப்பில் வையுங்க. ரூட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் போதும். பைக்கு 5 வோல்ட் தனி வெளியீடு வேண்டும், ரூட்டர் யூபிஎஸ்ஸிலிருந்து மலிவான யூஎஸ்பி மாற்றி வழியாக எடுத்தால் பை வோல்ட்டேஜ் குறைவு எச்சரிக்கை காட்டும். மெமரி கார்டில் ஓடும் பை, அடிக்கடி கரண்ட் போனால் கார்டைக் கெடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு 14 ஸ்விட்ச்சும் ஒன்றாகக் காணாமல் போகும்.

6 ஜூன், மதியம் 1:20 | வெண்டைக்காய்

குறுக்கே வருகிறேன். என்னிடம் டாஸ்மோட்டாவுக்குப் பதில் ஈஎஸ்பிஹோம் ஃபர்ம்வேர். ஹோம் அசிஸ்டென்ட் சர்வரை அணைத்து வைத்தால் எல்லா விளக்கும் கால் மணி நேரத்துக்கு ஒரு முறை அணைந்துவிடுகிறது. வைஃபை நன்றாகவே இருக்கு.

6 ஜூன், மதியம் 1:45 | ஈயப்பற்று

கால் மணி நேரம் என்று நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீங்க. ஈஎஸ்பிஹோமில் ஏபிஐ (ஹோம் அசிஸ்டென்ட் வந்து இணையும் வழி) பகுதியில் ரீபூட் டைம்அவுட் என்று ஒன்று, சொல்லாமலே 15 நிமிஷம். அந்த நேரத்துக்குள் யாரும் ஏபிஐயில் இணையவில்லை என்றால் மாட்யூல் தானே ரீபூட் ஆகும். சர்வர் அணைந்திருந்தால் யார் இணைவது? அதை 0 நொடி என்று எழுதுங்க. வைஃபை பகுதியில் உள்ள அதே பெயர் வரியை விட்டுவிடுங்க, அது பயன் உள்ளது.

ரீபூட் ஆனதும் விளக்கு அணைவது வேறு விஷயம். ஸ்விட்ச்சுக்கு ரீஸ்டோர் மோடு கொடுக்கவில்லை என்றால் எப்போதும் ஆஃப்தான். பழைய நிலையை மீட்கும் மோடு கொடுங்க. இஎஸ்பி8266 என்றால் ஃப்ளாஷிலிருந்து மீட்கும் வரியும் சேர்க்கணும், இல்லை என்றால் கரண்ட் போனதும் நினைவு போய்விடும்.

7 ஜூன், இரவு 9:05 | நியூட்ரல்

மாடிப்படி விளக்கு. இங்கே என் முதல் ஊகம் நிற்கிறது. 12 மீட்டர் ஒயர், மோட்டார் பைப்பில். மாட்யூல் அந்த ஒயரில் 3.3 வோல்ட்டைத் தன் உள் புல்அப் ரெசிஸ்டர் வழியாகத்தான் பிடித்துவைத்திருக்கும். உள் புல்அப் பல பத்தாயிரம் ஓம், மிகப் பலவீனம். பக்கத்து ஒயரின் 50 ஹெர்ட்ஸ் அதை ஆட்டிவிடும். 3.3 வோல்ட்டுக்கும் அந்தக் காலுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், காலுக்கும் தரைக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், இரண்டும் மாட்யூல் முனையிலேயே. ரெசிஸ்டர் 50 ஹெர்ட்ஸ் தூண்டலுக்கு, கெப்பாசிட்டர் மோட்டார் ஆன் ஆஃப் ஆகும்போது வரும் ஸ்பைக்குக்கு. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. ஸ்விட்ச்டிபவுன்ஸ் (தட்டியது உண்மையா என்று காத்துப் பார்க்கும் மில்லி செகண்ட்) 50லிருந்து 100 ஆக்குங்க.

எஸ்1, எஸ்2வில் 3.3 வோல்ட்தானே என்று கையால் தொடவேண்டாம். இந்த மாட்யூல்களில் தனிமைப்படுத்தல் கிடையாது, அந்த 3.3 வோல்ட்டே 230 வோல்ட் ஃபேஸ் மேல் உட்கார்ந்திருக்கலாம். டெலிபோன் ஒயர் போட்டு இழுப்பதும் கூடாது. மெயின்ஸுக்கான இன்சுலேஷன் உள்ள ஒயர்தான்.

7 ஜூன், இரவு 9:40 | ஈயப்பற்று

ஒரு சேர்க்கை. நம் 6 ஆம்பியர் ஸ்விட்ச்சுகள் 230 வோல்ட்டில் சின்னப் பொறி பறந்து தன் முனையைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். 3.3 வோல்ட்டில் பொறி கிடையாது. சமையலறைப் பிசுக்கு படிந்தால் தட்டியும் எடுக்காது. பழைய ஸ்விட்ச்சை அப்படியே எஸ்1, எஸ்2க்குக் கொடுத்தால் ஓராண்டில் 'நாலு தடவை தட்டினால் ஒரு தடவை எடுக்கும்' ஆகும். அங்கேயும் 4.7 கிலோ ஓம் உதவும், முனை வழியாக 0.7 மில்லி ஆம்பியராவது ஓடும்.

எறும்பையும் பாருங்க. சிரிக்கவேண்டாம். சூடான போர்டுக்குள் சிற்றெறும்பு கூடு கட்டும், பெல் ஸ்விட்ச் முனைகளுக்கு நடுவில் நசுங்கிச் சாகும், பிறகு பெல் ஸ்விட்ச் எடுக்காது. வைஃபை சேனல் மாற்றி மாற்றிப் பார்த்தாலும் எறும்பு போகாது. பைப் வாயை அடைக்கணும்.

8 ஜூன், காலை 10:15 | மாடிப்படி

'இரண்டு தடவை தட்டினால்தான் எரியுது' என்பது பெட்ரூமில் இருக்கு. அதுவும் எறும்பா?

8 ஜூன், காலை 10:30 | நியூட்ரல்

சரியாக இரண்டு என்றால் எறும்பு இல்லை, எறும்புக்குக் கணக்குத் தெரியாது. ஸ்விட்ச்மோடு 3இல் இருக்கும், அது பெல் ஸ்விட்ச்சுக்கான மோடு. சாதா ஸ்விட்ச்சுக்கு 0.

பெட்ரூமில் 'செட்ஆப்ஷன்114' போட்டிருக்கீங்களா? அது ஸ்விட்ச்சை ரிலேயிலிருந்து பிரித்து, தட்டியதை எம்க்யூடிடி செய்தியாக மட்டும் அனுப்பும். ஸ்மார்ட் பல்பு உள்ளவர்களுக்குச் சரி. சாதா பல்புக்குப் போட்டால், பை அணைந்த அன்று சுவர் ஸ்விட்ச் வெறும் பிளாஸ்டிக். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த ஒன்றே உங்கள் ஆட்டோமேஷனை மொத்தமாகக் கழற்றி எறிய வைத்துவிடும்.

9 ஜூன், மாலை 5:00 | ஈயப்பற்று

ஹால் பேனல். 8 பேனல், 120 வாட், அரை ஆம்பியர்தான். 10 ஆம்பியர் ரிலே தாங்காதா என்று கேட்பீங்க. ஓடும்போது அரை ஆம்பியர். போட்ட முதல் கணத்தில் எட்டு டிரைவரின் கெப்பாசிட்டரும் காலியாக இருக்கும், ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவான நேரத்துக்குப் பல பத்து ஆம்பியர் இழுக்கும். அதில் ரிலே முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் மாட்யூலின் உடம்பில் மெல்லத் தட்டினால் விளக்கு அணைந்தால், அதேதான். ஒரு முறை ஒட்டிய ரிலே மறுபடி ஒட்டும், மாற்றிவிடுங்க.

புதிதில் ஒட்டாமல் இருக்க: நாலு நாலாகப் பிரித்து இரண்டு சேனலில் கொடுத்து அரை நொடி இடைவெளியில் போடுங்க. அல்லது லைனில் தொடராக 5டி-9 என்டிசி ஒன்று, குளிரில் 5 ஓம், சூடானால் குறையும். அது சூடாகும் பொருள், ஒயர் இன்சுலேஷனைத் தொடாமல் வையுங்க.

ஃபேன் ஓட்டும் ரிலேக்கு முனைகளுக்குக் குறுக்கே 100 ஓம் + 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 (மெயின்ஸுக்கான கெப்பாசிட்டர்) ஸ்னப்பர், அதாவது ஸ்பைக்கை விழுங்கும் சுற்று, போடுங்க. எல்லா ரிலேக்கும் போட்டுவிட்டால் நிம்மதி.

10 ஜூன், இரவு 8:10 | மாடிப்படி

எல்லா ரிலேக்கும் போட்டாச்சு. இப்போது அணைத்த பிறகும் எல்லா எல்ஈடியும் மங்கலாக எரிகிறது :(

10 ஜூன், இரவு 8:35 | நியூட்ரல்

ஈயப்பற்று, உம்ம கைங்கரியம். 0.1 மைக்ரோஃபாரட் 50 ஹெர்ட்ஸில் சுமார் 32 கிலோ ஓம். 230 வோல்ட்டில் 7 மில்லி ஆம்பியர் கசியும். எல்ஈடி மினுங்க அது ஏகம்.

ஸ்னப்பரை ரிலே முனைகளுக்குக் குறுக்கே போடாமல், ரிலே வெளியீட்டுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, அதாவது சுமைக்குக் குறுக்கே போடுங்க. அப்போது ரிலே திறந்தால் ஸ்னப்பருக்கும் சப்ளை இல்லை. அதுவும் சாதா ஃபேன், சோக் உள்ள டியூப்லைட் இவற்றுக்கு மட்டும். எல்ஈடிக்கும் பிஎல்டிசி ஃபேனுக்கும் எடுத்துவிடுங்க, அங்கே தேவையே இல்லை.

10 ஜூன், இரவு 9:00 | ஈயப்பற்று

ஒப்புக்கொள்கிறேன். 'எல்லா ரிலேக்கும்' என்றது சோம்பேறித்தனம்.

பரிகாரமாக ஒரு எச்சரிக்கை. இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் என்றால் ஸ்னப்பர் ரெசிஸ்டர் பொசுங்கும். சைன் வேவில் அந்த 100 ஓமில் 5 மில்லிவாட்தான் சூடு. ஸ்கொயர் வேவில் ஒவ்வொரு விளிம்பிலும் -230இலிருந்து +230க்கு ஒரே தாவல், நொடிக்கு 100 தாவல். அரை சிவி ஸ்கொயர் (கெப்பாசிட்டர் ஆற்றலின் சூத்திரம்) போட்டு 100ஆல் பெருக்கினால் 1 வாட் வருகிறது. அரை வாட் ரெசிஸ்டர் கருகத்தான் செய்யும். ஃபேன் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் 2 வாட் ரெசிஸ்டர். கெப்பாசிட்டர் டிராப்பர் சப்ளை (கெப்பாசிட்டராலேயே வோல்ட்டேஜை இறக்குவது) உள்ள மலிவு மாட்யூலும் ஸ்கொயர் வேவில் இதே மாதிரி வேகும்.

11 ஜூன், காலை 7:25 | நியூட்ரல்

இன்வெர்ட்டர் பேச்சு வந்ததால் இதையும். மாட்யூலின் ஃபேஸ் இன்வெர்ட்டர் லைனில், நியூட்ரல் வேறு எங்கிருந்தோ என்றால், மெயின்ஸ் இருக்கும்வரை ஒழுங்காக ஓடும், கரண்ட் போன அந்த நொடி சாகும். மெயினை இறக்கி, இன்வெர்ட்டரில் ஓடவிட்டு மாட்யூல் முனையில் அளங்க. 230ஐ ஒட்டி நிலையாக வரணும். 80, 110 என்று மிதந்தால் அந்த நியூட்ரல் இன்வெர்ட்டருடையது இல்லை. எங்கேயாவது கிடைத்த நியூட்ரலை இழுத்து மாட்டுவதும் கூடாது. ஆர்சிசிபி (மின் கசிவு வந்தால் விழும் பிரேக்கர்) இரண்டு இருக்கிற வீட்டில் ஒன்றின் ஃபேஸும் மற்றதன் நியூட்ரலும் சேர்ந்தால் இரண்டுமே விழும்.

15 ஜூன், இரவு 9:20 | மாடிப்படி

பெரும்பாலும் அடங்கிவிட்டது. சம்ப் விளக்கு மட்டும் தினம் நாலைந்து முறை காணாமல் போகிறது. பூட்கவுண்ட் அசையவில்லை, லிங்க்கவுண்ட் 70. சிக்னல் -84.

15 ஜூன், இரவு 9:45 | நியூட்ரல்

ஆக கடைசியில் ஒன்றாவது வைஃபை! -70க்கு மேலே இருந்தால் நிம்மதி, -80க்குக் கீழே போனால் இப்படித்தான்.

ஆன்டெனா மெட்டல் பாக்ஸுக்குள் அடைபட்டிருக்கு. அந்த ஒரு பாக்ஸை மட்டும் பிவிசியாக மாற்றுங்க, அல்லது மாட்யூலை விளக்கின் பக்கம் கொண்டுபோங்க. ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் 1, 6, 11இல் எது காலியோ அதில் நிலையாக, பாதுகாப்பு டபிள்யூபிஏ2 மட்டும். 'ஆட்டோ' சேனல் என்றால் ரூட்டர் நினைத்தபோது தாவும், 14 மாட்யூலும் பின்னால் ஓடும்.

16 ஜூன், காலை 11:00 | வெண்டைக்காய்

ஜிக்பீ பேச்சு முதல் பதிவோடு நின்றுவிட்டதே. போட்டால் நன்மையே இல்லையா?

16 ஜூன், மதியம் 12:10 | ஈயப்பற்று

உண்டு, நியூட்ரல் உள்ள மாட்யூல் என்றால். அவை ஒன்றுக்கொன்று ரூட்டராக இருக்கும், சம்ப் மாதிரி மூலைக்குத் தாவித் தாவிப் போகும். நியூட்ரல் இல்லாதவை பெரும்பாலும் அந்த வேலையைச் செய்யாது. ஸ்மார்ட் பல்பை நம்பி மெஷ் (இப்படித் தாவும் வலை) கட்டினால், யாராவது சுவர் ஸ்விட்ச்சை அணைத்ததும் பாலம் இடியும்.

சேனல்: வைஃபை 1இல் இருந்தால் ஜிக்பீ 11 முதல் 14 வரை சத்தம். 6 என்றால் 16 முதல் 19. 11 என்றால் 21 முதல் 24. இடுக்கில் 15, 20, 25 நல்லவை. 26ஐச் சில சாதனம் ஏற்காது. ஜிக்பீ வலையை நடத்தும் கோஆர்டினேட்டர் டாங்கிளைப் பையின் யூஎஸ்பி 3 துளையில் நேராகச் சொருகவேண்டாம், அதுவே 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் போடும். யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒரு மீட்டர் போட்டு யூஎஸ்பி 2 துளையில். மாட்யூலை மேசையில் வைத்து இணைத்துவிட்டுப் பிறகு மூன்றாவது ரூமில் மாட்டாதீங்க, மாட்டிய இடத்திலேயே இணையுங்க.

சமையலறை நியூட்ரல் மட்டும் அப்படியே இருந்திருந்தால் ஜிக்பீ மாட்யூலும் 431 முறை ரீபூட் ஆகியிருக்கும். ஒவ்வொரு முறையும் அதை ரூட்டராக நம்பிய நாலு சென்சாரும் கூட விழும்.

30 ஜூன், இரவு 9:15 | மாடிப்படி

இரண்டு வாரக் கணக்கு. கரண்ட் மூன்று முறை போனது, 14 மாட்யூலிலும் பூட்கவுண்ட் மூன்றுதான் ஏறியிருக்கு, சமையலறை உட்பட. சம்ப் பிவிசி பாக்ஸுக்குப் பிறகு -71. மிக்ஸி ஓடும்போது 228. நேற்று 2:03க்கு விழித்திருந்து பார்த்தேன், போர்டிகோ இருட்டாகத்தான் இருந்தது.

30 ஜூன், இரவு 9:30 | நியூட்ரல்

பேக்அப் எடுங்க, 14 மாட்யூலின் செட்டிங்கும். சமையலறை போர்டை ஆகஸ்ட்டில் ஒரு முறை திறந்து ஸ்க்ரூக்களை மறுபடி முறுக்கச் சொல்லுங்க. பல இழை ஒயர் ஒரு மாசத்தில் படிந்து கொஞ்சம் தளரும். இன்வெர்ட்டரை ஆஃப் செய்துவிட்டு.